ஓநாய்த் தெய்வமும் மனித மகவும்: ‘மோனோனோகே ஹிமே’யில் மோரோவின் நிலை

1. தோற்றுவாய்

விலங்கொன்று மனிதக் குழவியை எடுத்து வளர்த்ததாகக் கூறும் கதைகள் உலகின் பல நாடுகளில் வழங்குகின்றன. அவற்றுள் ஓநாயைத் தாயாகக் கொண்ட கதைகள் சிறப்பிடம் பெறுவன. உரோம நகரைத் தோற்றுவித்த இரட்டையர் கதையும், பண்டைத் துருக்கிய அரச குடியின் தோற்றம் கூறும் கதையும், கிப்ளிங்கு படைத்த மோக்லியின் கதையும் பலரும் அறிந்தவை. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க படைப்பொன்று 1997ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜப்பானில் வெளிவந்தது. மியாசாகி ஹயாவோ எழுதி இயக்கிய ‘மோனோனோகே ஹிமே’ என்னும் ஓவியத் திரைப்படமே அது. ஜப்பானியத் திரைப்படக் கலைக்கழகம் சிறந்த படத்திற்கு வழங்கும் பரிசினை ஓவியத் திரைப்படங்களுள் முதன்முதலாகப் பெற்றது இதுவேயாகும்.

திரைப்படத்தினை ஆராய்ச்சி இதழில் எடுத்துரைத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ஒரு நாட்டு மக்களின் பழைய நம்பிக்கைகள் காலந்தோறும் வெவ்வேறு கலைவடிவங்களில் புகுந்து வாழ்கின்றன. பாட்டிலும் கூத்திலும் கோயில் வழிபாட்டிலும் அவற்றைத் தேடும் நாம், அவை இக்காலக் கலையொன்றில் புதுவடிவு பெற்று நிற்குமிடத்துக் கண்மூடிக் கொள்ளுதல் முறையன்று.

இப்படத்தில் வரும் மோரோ என்பாள் முந்நூறு ஆண்டு வாழ்ந்த ஓநாய்த் தெய்வம். தன் காட்டைக் காப்பவள். மனிதப் பெண் ஒருத்தியைத் தன் மகளாக வளர்த்தவள். மனிதர் எய்த இரும்புக் குண்டு அவள் உடலுள் தங்கி அவளைச் சிறிது சிறிதாகக் கொல்கின்றது. அத்தகைய குண்டே நாகோ என்னும் பன்றித் தெய்வத்தையும் தாக்கியது. நாகோ வெறுப்பே உருவான கொடும்பேயாக மாறினான். மோரோ இறுதிவரை தெய்வமாகவே நின்றாள். ஒரே படைக்கலம் இருவேறு விளைவு தந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கதையமைப்பு

படத்தைக் காணாதவர் பொருட்டுக் கதையினைச் சுருங்கக் கூறுவோம். கதை நிகழும் காலம் ஜப்பானிய வரலாற்றில் முரோமாச்சி எனப்படும் காலம். 14ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. மேற்கு நாட்டு மலையொன்றில் எபோஷி என்னும் தலைவி இரும்புருக்கும் ஊர் ஒன்றை அமைக்கின்றாள். கரிக்காக மரங்கள் வெட்டப்படுகின்றன. இரும்பு மணலுக்காக மலை அகழப்படுகின்றது. அம்மலைக்குரிய பன்றித் தெய்வமாகிய நாகோ எதிர்த்து வருகின்றான். எபோஷி அவனைத் துப்பாக்கியாற் சுடுகின்றாள். குண்டைச் சுமந்து நெடுந்தொலைவு ஓடிய நாகோ, கொடும்பேயாகிக் கிழக்கே எமிஷி மக்களின் ஊரைத் தாக்குகின்றான். அவனைக் கொன்று ஊரைக் காத்த அஷிதாக்கா என்னும் இளைஞனின் வலக்கையில் அச்சாபம் பற்றுகின்றது. சாபத்தின் மூலத்தைத் தேடி மேற்கே வரும் அவன், எபோஷிக்கும் காட்டுத் தெய்வங்களுக்கும் இடையே நிகழும் போரின் நடுவே நிற்க நேர்கின்றது.

காட்டின் நெஞ்சம் போன்ற இடத்தில் ஷிஷிகாமி என்னும் தெய்வம் வாழ்கின்றது. மான் போன்ற உடலும் மனித முகம் போன்ற முகமும் உடைய அது, உயிரைத் தரவும் எடுக்கவும் வல்லது. அதன் காட்டைக் காப்பவர் மோரோவும், அவள்தன் இரு புதல்வரும், வளர்ப்பு மகள் சானும் ஆவர். ஓநாய்த் தோல் போர்த்து, முகத்திற் செந்நிறக் கோடு தீட்டி, ஓநாயின் மீதமர்ந்து போரிடும் இப்பெண்ணையே ஊரார் ‘மோனோனோகே ஹிமே’ என அழைக்கின்றனர்.

3. சொல்லும் பொருளும்

‘ஹிமே’ என்பது இளவரசி எனப் பொருள்படும். ‘மோனோனோகே’ என்பது எளிதில் மொழிபெயர்க்க இயலாத சொல். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘கெஞ்சி மோனோகதாரி’ என்னும் பெருங்கதையில், பிறரைப் பற்றி வருத்தும் ஆவியினை இச்சொல் குறிக்கின்றது. ஆங்கே ரொகுஜோ என்னும் பெருமாட்டியின் பொறாமை, அவள் உயிரோடிருக்கும்போதே அவளை விட்டு நீங்கிச் சென்று பிறரைத் தாக்குகின்றது. எனவே தனியொரு பேயின் பெயராக அன்றி, வருத்தும் ஆற்றலின் பெயராகவே இச்சொல்லைக் கொள்ளல் வேண்டும். தமிழில் இதற்கு அணுக்கமான சொல் தேடின், வருத்தும் தெய்வத்தையும் அது தரும் வருத்தத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘அணங்கு’ என்பதே முன்னிற்கும். முழுதும் ஒத்த சொல்லன்றாயினும் பொருளை உணர்தற்கு அஃது உதவும்.

இரண்டாவதாக நோக்கத்தக்கது ‘தாத்தாரி’ என்னும் சொல். தெய்வத்தின் சீற்றத்தால் மக்களுக்கு நேரும் கேட்டினை அது குறிக்கும். படத்தில் நாகோ அடையும் நிலை ‘தாத்தாரிகாமி’, அஃதாவது சீற்றத்தெய்வம், எனப்படுகின்றது. ஜப்பானியர் கொள்கையில் ‘காமி’ என்னும் தெய்வமும் ‘தாத்தாரிகாமி’யும் இருவேறு இனங்கள் அல்ல. அருள்வதும் சீறுவதும் ஒரே தெய்வத்தின் இருநிலைகள். இவ்வுண்மை பின்னர் வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

மூன்றாவது, ஓநாயைக் குறிக்கும் ‘ஓகாமி’ என்னும் சொல். ‘ஓ’ என்பது ‘பெரிய’ எனப் பொருள்படும் முன்னொட்டு, ‘காமி’ தெய்வம். ஓநாயின் பெயரும் ‘பெருந்தெய்வம்’ என்னும் தொடரும் ஒலியால் ஒன்றாய் நிற்கின்றன. ஓநாயின் பெயர் இத்தொடரிலிருந்தே பிறந்தது எனக் கொள்வார் பலர். பிறப்பு எவ்வாறாயினும், ஓநாய் என்று சொல்லுந்தோறும் தெய்வம் என்னும் ஒலி காதில் விழுந்தது என்பது தெளிவு.

4. ஓநாய் வழிபாடு

மோரோ என்னும் பாத்திரம் மியாசாகியின் கற்பனையே. ஆயினும் அக்கற்பனை வெற்றிடத்தில் எழுந்ததன்று. கி.பி. 720இல் தொகுத்து முடிக்கப்பெற்ற ‘நிஹோன் ஷோக்கி’ என்னும் வரலாற்று நூலில் ஈண்டுக் கருதத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன.

யமாதோ தக்கேரு என்னும் இளவரசன் ஷினானோ மலைநாட்டைக் கடக்கும்போது, மலைத்தெய்வம் வெண்மான் வடிவில் அவன்முன் தோன்றுகின்றது. அவன் எறிந்த பூண்டு கண்ணிற் பட்டு அம்மான் இறந்துபடுகின்றது. உடனே இளவரசன் வழி தவறித் திகைக்கின்றான். அப்போது வெள்ளை நாய் ஒன்று தோன்றி அவனுக்கு வழிகாட்டுகின்றது. மலைத்தெய்வமாகிய மானைக் கொல்லுதல், அதனால் நெறி மயங்குதல், வெண்ணிற நாயினம் துணையாதல் என்னும் மூன்றும் இதன்கண் ஒருங்கே அமைந்துள்ளன. முசாஷி மிதாகே கோயில் மரபு இவ்விளவரசனுக்கு வழிகாட்டியது வெள்ளை ஓநாய் என்றும், அதுவே ‘ஓகுச்சி நோ மகாமி’ எனப் போற்றப்படும் தெய்வமாயிற்று என்றும் கூறும். ‘பெருவாயையுடைய மெய்த்தெய்வம்’ என்பது அப்பெயரின் பொருள். மான் வடிவத் தெய்வம் தலை இழப்பதும், வெள்ளை ஓநாய் அதன் காட்டைக் காத்து நிற்பதுமாகிய திரைப்படக் கதையை இதனோடு ஒப்புநோக்குதல் தகும்.

இரண்டாம் செய்தி, கிம்மே பேரரசரைப் பற்றிய பகுதியில் வருவது. ஹதா நோ ஓத்சுச்சி என்பான் மலைவழியே வரும்போது இரண்டு ஓநாய்கள் குருதி சொரியப் போரிடக் காண்கின்றான். குதிரையினின்று இறங்கி, கையும் வாயும் தூய்மை செய்து, அவற்றை உயர்ந்த தெய்வங்கள் என விளித்து வேண்டுகின்றான். இவ்வாறு போரிட்டுக் கிடந்தால் வேட்டுவன் கையில் விரைவில் அகப்படுவீர் என எச்சரித்து, அவற்றை விலக்கிக் குருதியைத் துடைத்து விடுகின்றான். தெய்வமும் வேட்டுவனால் அழியக்கூடும். வெறி மிகும்போது அவ்வழிவு விரையும் என்னும் கருத்து, துப்பாக்கி தோன்றுதற்கு எத்துணையோ நூற்றாண்டு முன்னரே அங்கு நிலவியதை இது காட்டுகின்றது.

பிற்கால உழவர் வழிபாட்டிலும் ஓநாய் இடம்பெற்றது. மலையடி வாரத்து வயல்களை அழிப்பவை மானும் பன்றியும். அவற்றை வேட்டையாடும் ஓநாய் உழவனுக்குத் துணையாயிற்று. சிச்சிபு மலையிலுள்ள மித்சுமினே கோயிலிலிருந்து ஓநாய் உருவம் பொறித்த காப்புச் சீட்டுகளைப் பெற்றுச் சென்று, தீயும் திருட்டும் அணுகாவண்ணம் வீட்டில் வைத்து வழிபடுதல் 18ஆம் நூற்றாண்டில் பெருகியது. இரவில் மலைவழிச் செல்வோனைப் பின்தொடர்ந்து வரும் ‘ஒகுரி ஓகாமி’யைப் பற்றிய நம்பிக்கையும் பல இடங்களில் உண்டு. வழிப்போக்கன் இடறி விழாதவரை அது காவலாய் வரும், விழுந்தால் பாயும். வீடு சேர்ந்தவன் அதற்கு நன்றி கூறி உப்போ பிறிதொன்றோ அளித்து விடைகொடுப்பான்.

ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது வேறொரு வழக்கம். மலையில் ஓநாய் குட்டி ஈன்றதை அறிந்தால், ஊரார் செம்பயறு கலந்த சோற்றைக் கொண்டு சென்று வைப்பர். மகப்பெற்ற வீட்டிற்குச் செய்யும் சிறப்பினை அவர் ஓநாய்க்கும் செய்தனர். வழிபடப்பட்ட ஓநாய் தாயாகிய ஓநாயும் ஆயிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இத்துணைச் சிறப்புற்ற விலங்கு இன்று ஜப்பானில் இல்லை. 1732இல் பரவத் தொடங்கிய வெறிநாய் நோய் ஓநாயைக் காவலன் நிலையினின்று கொடும்பகை நிலைக்குத் தள்ளியது. 1870களில் ஹொக்கைதோவில் குதிரைப் பண்ணைகளைக் காக்க எட்டிச் சத்தாகிய நஞ்சு வைத்து ஓநாய்கள் கொல்லப்பட்டன. ஹொன்ஷூ ஓநாய்களுள் உறுதியாக அறியப்பட்ட இறுதியானது, 1905 சனவரியில் நாரா மாநிலத்து வாஷிகாகுச்சி என்னும் ஊரில் ஆங்கிலேய ஆய்வுக் குழுவிற்காக விலைக்கு வாங்கப்பட்ட உடலேயாகும். எனவே 1997இல் திரையில் மோரோவைக் கண்ட மக்கள், தம் முன்னோர் வழிபட்டதும் தம் நாடு இழந்துவிட்டதுமாகிய ஓர் உயிரையே கண்டனர். சாகும் தெய்வமாக மோரோ படைக்கப்பட்டதன் ஆழம் இதனால் விளங்கும்.

5. காடும் உலையும்

மோரோ காக்கும் காட்டினைப் பகைக்கும் உலை எத்தகையது என்பதனையும் அறிதல் வேண்டும். ‘தாதாரா’ எனப்படும் ஜப்பானிய முறையில் களிமண் உலையில் இரும்பு மணலும் கரியும் மாறிமாறி இடப்பட்டு, துருத்தியால் இடைவிடாது காற்று ஊட்டப்படும். மூன்று பகலும் மூன்று இரவும் தொழில் நடைபெறும். வாளுக்குரிய எஃகினைப் பெறும்பொருட்டு ஷிமானே மாநிலத்தில் 1977இல் மீண்டும் தொடங்கப்பெற்ற உலையில், ஒருமுறைக்கு ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் செலவாகி, ஏறத்தாழ 2.5 டன் எடையுள்ள கட்டி கிடைக்கின்றது. இரும்பினும் பன்மடங்கு கரி வேண்டும். கரியினும் பன்மடங்கு மரம் வேண்டும். அம்மாநிலத்துச் சுகாயா உலைக்கூடம் 1751 முதல் 1921 வரை இயங்கியது. ஓர் உலை நெடுங்காலம் இயங்கக் காடு எத்துணை வேண்டும் என்பதை இவ்வளவைகளால் உய்த்துணரலாம்.

ஆயினும் மியாசாகி உலையினைத் தீமையின் உருவாகக் காட்டவில்லை. விலைமகளிர் நிலையிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் எபோஷியின் ஊரில் துருத்தி மிதித்து மானத்தோடு உண்கின்றனர். எவரும் தீண்டாத தொழுநோயரை அவளே தன் கையால் தூய்மை செய்து, அவர்க்குத் தொழிலும் தருகின்றாள். இதில் வரலாற்று மரபினின்று வேண்டுமென்றே செய்த மாற்றம் ஒன்றுண்டு. இரும்புருக்குவோர் வழிபடும் கனயாகோ என்னும் பெண்தெய்வம் பெண்களை வெறுப்பது என்பது மரபு; ஆதலின் உலைக்கூடத்துள் பெண்கள் புகுதல் விலக்கப்பட்டிருந்தது. அத்தெய்வம் நாயினத்தையும் வெறுப்பது என்பர். பெண்களை உலைக்குள் கொணர்ந்த மியாசாகி, உலைத்தலைவிக்கும் ஓநாய்க்கும் உள்ள பகையை மட்டும் நிலைநிறுத்தியுள்ளார். மரபினை அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, பொருத்தம் குறிக்கத்தக்கது.

இவ்வாறு உலைப்பக்கமும் அறம் உண்டெனக் காட்டப்பட்டமையால், மோரோவின் காவல் எளிய நன்மை தீமைப் போராக அமையவில்லை. எபோஷி கைவிடப்பட்டோர்க்குத் தாய். மோரோவும் கைவிடப்பட்டாள் ஒருத்திக்குத் தாய். இரு தாயரிடையே மூண்ட பகையே இக்கதை.

6. ஒரே இரும்பு, இருவேறு விளைவு

இனி நம் வினாவிற்கு வருவோம். அரிசி ஏற்றிய எருதுகளோடு மலைவழி வரும் எபோஷியின் கூட்டத்தை மோரோ தாக்குகின்றாள். அப்போது குண்டு பாய்ந்து பள்ளத்தில் வீழ்கின்றாள். சான் அப்புண்ணில் வாய் வைத்துக் குருதியை உறிஞ்சி உமிழ்கின்ற காட்சியே அவளை நமக்கு முதலில் அறிமுகப்படுத்துகின்றது. மகளின் முகம் தாயின் குருதியால் நனைந்திருக்கின்றது. பிறக்கும்போது குழவி தாயின் குருதியோடு வருதல் இயல்பு. இவளோ வளர்ந்தபின் அக்குருதியால் மகளாகின்றாள்.

நாகோ கொடும்பேயானமைக்கு மோரோ கூறும் காரணம் தெளிவானது. அவன் சாவை அஞ்சி ஓடினான். தானும் அதே நஞ்சினைச் சுமந்தும் ஓடாது சாவை எதிர்நோக்கி நிற்பதாக அவள் உரைக்கின்றாள். இது படமே தரும் விடை. இதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் சாவை அஞ்சாமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என மேலும் வினவுதல் நம் கடமை.

வீரத்தால் வந்தது எனின், அது பொருந்தாது. ஐந்நூறு ஆண்டு வாழ்ந்த ஒக்கோதோ என்னும் பன்றியரசன் வீரத்திற் குறைந்தவன் அல்லன். தன் இனமெல்லாம் அழியும் என அறிந்தும் மனிதர் அஞ்சுமாறு போரிட்டு மடிவோம் எனப் படைகொண்டு வந்தவன் அவன். அவனும் இறுதியில் நாகோவைப் போலவே கொடும்பேயாகின்றான். சாவத் துணிந்தவனும் வெறுப்பிற்கு இரையானான். எனவே சாவை அஞ்சாமை ஒன்றே தெய்வநிலையைக் காவாது.

ஒக்கோதோவிற்கும் மோரோவிற்கும் உள்ள வேற்றுமை யாது? ஒக்கோதோ தன் இனத்தின் பெருமைக்காக வாழ்கின்றான். அவன் இனம் மடிந்தபின், காக்கத்தக்கது ஒன்றும் அவனுக்கு எஞ்சவில்லை; சினமே எஞ்சிற்று. மோரோவிற்கோ தன் இனத்தைச் சாராத ஓர் உயிர் உளது. அவ்வுயிர் தன் பகைவரின் வயிற்றிற் பிறந்தது. மனிதரை முழுதும் வெறுத்தல் அவளுக்கு இயலாத செயல். முழுதும் வெறுப்பின் அவ்வெறுப்பு தன் மகளையும் தீண்டும். நாகோவையும் ஒக்கோதோவையும் விழுங்கிய சீற்றம் மோரோவை விழுங்காது தடுத்து நின்றவள் சானே என்பது நம் கருத்து. தெய்வம் குழவியைக் காத்தது. குழவி தெய்வத்தின் தெய்வத்தன்மையைக் காத்தது.

7. வளர்ப்பு மகளின் நிலை

சான் மோரோவிடம் வந்த வரலாறு கொடியது. காட்டிற்குத் தீங்கிழைத்த பெற்றோர், ஓநாயின் பல்லினின்று தாம் தப்புதற்பொருட்டுக் கைக்குழவியை அதன்முன் எறிந்துவிட்டு ஓடினர். ஓநாய் அதனைத் தின்னவில்லை, வளர்த்தது. மனிதர் இரையாக ஈந்ததைத் தெய்வம் மகளாக ஏற்றது.

முன்னர்ச் சுட்டிய பிற ஓநாய்க் கதைகளோடு இதனை ஒப்பிடுவோம். உரோமரின் இரட்டையரை ஓநாய் பாலூட்டியது சிறிது காலமே; பின்னர் இடையன் எடுத்து வளர்க்க, அவர் நகரம் அமைத்தனர். துருக்கியர் கதையில், பகைவரால் உறுப்பு வெட்டப்பட்டுக் கிடந்த சிறுவனை ஓநாய் ஊன் ஊட்டிக் காத்து, பின் அவனாற் பத்துப் புதல்வரைப் பெற்றது. அவ்வழி அரச குடி தோன்றிற்று. 1894இல் வெளிவந்த கிப்ளிங்கின் நூலில், சியோனிக் காட்டில் வளர்ந்த மோக்லி, புலியின் வாயினின்று தன்னைக் காத்த ஓநாய்த் தாயை விட்டு மனிதரிடம் மீள வேண்டியவனே. மூன்றிலும் ஓநாய் ஒரு வாயில். குழவி அவ்வாயில் வழியே சென்று மனிதர் உலகில் பெருமை எய்துகின்றது. காடு பின்தங்கி விடுகின்றது.

சானின் நிலை இதற்கு மாறானது. அவள் எந்நகரையும் தோற்றுவியாள்; எக்குடிக்கும் முதல்வியாகாள். தன்னை ஓநாய் என்றே கூறிக்கொள்வாள். ஆயினும் அவள் உடல் அதற்கு உடன்படாது. மோரோ இதனை நன்கறிவாள். அஷிதாக்கா சானை விடுவிக்குமாறு வேண்டும் இரவில், மனித இனமும் ஓநாயினமும் ஒருங்கே மறுத்த மகளின் துயரத்தையும் அவள்மேல் தனக்குள்ள காதலையும் மோரோ வெளிப்படையாகக் கூறுகின்றாள். அவளை உன்னால் எவ்வாறு உய்விக்க இயலும் என்று சினந்து வினவுகின்றாள். இளைஞன் தன்பால் விடையின்மையை மறையாது ஒப்புகின்றான்.

இக்காட்சியில் மோரோவின் குரல் ஆடவர் குரல் போல் ஆழ்ந்து ஒலிப்பதைக் கேட்போர் உணர்வர். அக்குரல் கொடுத்தவர் மிவா அகிஹிரோ என்னும் புகழ்பெற்ற ஆடவரே. தாய்மை என்றவுடன் மென்மையை எதிர்பார்க்கும் வழக்கத்தை இயக்குநர் இதனால் விலக்கினார். இத்தாய் அன்புமொழி மிகப் பேசாள். மகளின் நிலையை மறைக்கவும் செய்யாள்.

ஆயினும் போருக்கு முன் அவள் சானிடம் கூறுவதை நோக்குக. அவ்விளைஞனோடு வாழும் வழியும் உனக்கு உண்டு என நினைவூட்டுகின்றாள். சான் மறுக்கின்றாள். மோரோ வற்புறுத்தவில்லை, தடுக்கவுமில்லை. தன் புதல்வரை அவளோடு அனுப்பிவிட்டுத் தான் ஷிஷிகாமியின் அருகில் தங்குகின்றாள். காட்டைக் காக்கும் கடமை தனக்கு. எங்கு வாழ்வது என்னும் தெரிவு மகளுக்கு. இவ்வாறு இரண்டினையும் பிரித்துக் காணும் அறிவு மோரோவிடம் உண்டு.

8. இறுதி வலிமை

கதையின் உச்சத்தில் காவலும் தாய்மையும் முரணுகின்றன. மோரோ தன் எஞ்சிய வலிமையை எபோஷியின் தலையைக் கடித்தெறியும் பொருட்டுச் சேர்த்து வைத்திருந்தாள். கொடும்பேயாகி வந்த ஒக்கோதோவின் உடலைச் சூழ்ந்த சாபத்துள் சான் அகப்பட்டுக் கொள்கின்றாள். மீட்கச் சென்ற அஷிதாக்கா நீரில் தூக்கி எறியப்படுகின்றான். இறந்தவள் போற் கிடந்த மோரோ எழுந்து, பகைவிக்கென வைத்திருந்த வலிமையை மகளுக்கெனச் செலவிட்டு அவளை மீட்கின்றாள். மீட்ட மகளைத் தன்பால் வைத்துக்கொள்ளாது, மனிதனாகிய அஷிதாக்காவிடம் ஒப்படைக்கின்றாள்.

காட்டின் காவலாகப் பழி தீர்த்தல் ஒருபுறம். மகள் உயிர் ஒருபுறம். இரண்டற்கும் போதிய வலிமை இல்லாதபோது தெய்வம் எதனைத் தெரிந்தது என்பதனாலேயே அதன் இயல்பு புலப்படும். மோரோ பழியை விட்டு உயிரைத் தெரிந்தாள். சீற்றத்தெய்வமாகாது தெய்வமாக நிலைத்தல் என்பது இத்தெரிவேயாகும். எறிந்துவிட்டு ஓடிய பெற்றோரின் செயலுக்கு நேர் எதிரிடையாகவும் இச்செயல் அமைகின்றது. அவர் தம்முயிர் காக்கக் குழவியை ஈந்தனர். இவள் குழவியைக் காக்கத் தன் இறுதி வலிமையை ஈந்தாள்.

இதற்குத் தடையாக ஒன்று கூறப்படலாம். மோரோ இறந்தபின், அவள்தன் தலை மட்டும் தனித்துப் பாய்ந்து எபோஷியின் கையைக் கடித்து அறுக்கின்றது. பழி நீங்கவில்லை அன்றோ? ஆம், நீங்கவில்லை. சினமற்ற தெய்வமாக மோரோவைக் காட்டுதல் படைப்பாளரின் நோக்கமன்று. உயிர் உள்ளவரை சினம் அவள் ஆட்சியில் அடங்கி நின்றது. உயிர் நீங்கியபின் எஞ்சியது சினமே. ஆயினும் அச்சினம் கொண்டது ஒரு கை. அவள் வேண்டியிருந்த தலையன்று. எபோஷி உயிர் பிழைக்கின்றாள். ஓநாயின் முதுகில் ஏறியே அவள் காப்பிடம் சேர்கின்றாள். பின்னர், நல்ல ஊர் ஒன்றைப் புதிதாக அமைப்போம் எனத் தன் மக்களிடம் கூறுகின்றாள். முழுப்பழி தீர்ந்திருப்பின் இச்சொல் பிறந்திராது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மோரோ ஜப்பானிய மலைநாட்டு ஓநாய் வழிபாட்டின் வழித்தோன்றல். காவலும் அச்சமும் தாய்மையும் ஒருங்கே கொண்ட அப்பழைய தெய்வத்தின் இயல்புகள் அவளிடம் உள்ளன. ‘நிஹோன் ஷோக்கி’ காலந்தொட்டே, வெறி மிகுந்த தெய்வம் வேட்டுவனுக்கு எளிதில் இரையாகும் என்னும் எண்ணம் அந்நாட்டில் உண்டு. அவ்வெறியினின்று மோரோவைத் தடுத்தது அவள் வளர்த்த மனித மகவு. பிற நாட்டு ஓநாய்க் கதைகள் மகவினால் மனிதர் பெற்ற பயனைப் பேசுகின்றன. இக்கதையோ மகவினால் தெய்வம் பெற்ற பயனைப் பேசுகின்றது. அதன் தனிச்சிறப்பு இதுவே.

படத்தின் முடிவில் சான் காட்டிலேயே வாழ்கின்றாள். அஷிதாக்காவை விரும்பினும் மனிதரைப் பொறுக்க அவளால் இயலவில்லை. அவன் உலையூரில் இருந்து உழைப்பான். காட்டிற்கு வந்து அவளைக் காண்பான். தலையிழந்த ஷிஷிகாமி மறைந்தபின் மலைகள் மீண்டும் பசுமை கொள்கின்றன. ஆனால் அப்பசுமை பழைய பெருங்காடு அன்று. மோரோவின் இடத்தை நிரப்ப மற்றொரு தெய்வம் வரவில்லை. ஜப்பானிய மலைகளில் மானும் பன்றியும் பெருகி இளமரங்களையும் வயல்களையும் இன்று அழித்து வருதலை நோக்குவார்க்கு, உழவர் அவ்வோநாய்க்குச் செம்பயற்றுச் சோறு கொண்டு சென்றது எதன் பொருட்டு என்பது விளங்கும்.